யாருக்கு எவ்வளவு எரிபொருள் வரிச் சலுகை? சங்ககிரி பங்க்கிலிருந்து ஒரு கணக்கு

சேலத்திலிருந்து கோவை போகிற சாலையில் சங்ககிரியை நெருங்கும்போது இரு பக்கமும் லாரித் தொழில்தான் கண்ணில் படும். பாடி கட்டுகிற பட்டறை, டயர் கடை, பெயின்ட் அடிப்பவர், லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் என்று வரிசையாக இருக்கும். அங்கே எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு டீசல் விலைக்கு வந்துவிடும். "வெளிநாட்டில் எல்லாம் லாரிக்காரனுக்கு வரியைத் திருப்பித் தருகிறார்களாமே, நமக்கு ஏன் இல்லை?" என்று யாராவது ஒருவர் கேட்பார். இதற்கு நேர் எதிராக, இந்தியாவும் நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருளுக்குப் பெரும் மானியம் தரும் நாடுகளில் ஒன்று என்று உலக அமைப்புகளின் அறிக்கைகள் சொல்கின்றன. டீக்கடையில் சொல்வதும் சரி, அறிக்கை சொல்வதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதற்கு விடை, சலுகையை எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் நம்மூர்க் கணக்கைப் பார்த்துவிடலாம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு டீசல்மீது மத்திய கலால் வரி லிட்டருக்கு 17 ரூபாய் 80 காசு ஆனது. இங்கே வரும் கணக்கெல்லாம் அந்த விகிதத்தில்தான். தமிழ்நாட்டு வாட் வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. சில்லறை விலை 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 35 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. 300 லிட்டர் டேங்க்கை ஒருமுறை நிரப்பினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரி. இது போக வைகுந்தத்திலும் ஓமலூரிலும் டோல்கேட் தனி.

இதே லிட்டருக்கு டெக்சாஸில் ஓடும் லாரி என்ன கட்டுகிறது? அமெரிக்க மத்திய அரசின் டீசல் வரி கேலனுக்கு 24.4 சென்ட். 1993-இல் நிர்ணயித்தது, இன்றுவரை ஏறவே இல்லை. டெக்சாஸ் மாநில வரி 20 சென்ட். லிட்டருக்கு மாற்றினால் சுமார் 10 ரூபாய். ஜெர்மனியில் எரிசக்தி வரி மட்டும் லிட்டருக்கு 47.04 யூரோ சென்ட், அதாவது 45 ரூபாய் அளவில். பிரிட்டனில் 52.95 பென்ஸ், ஏறக்குறைய 60 ரூபாய். ஐரோப்பாவில் இதற்கு மேல் வாட் வரியும் உண்டு. ஆனால் தொழில் நடத்துகிறவர் அந்த வாட்டைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நம் லாரி உரிமையாளரால் டீசலில் கட்டிய ஒரு காசைக்கூடக் கழிக்க முடியாது. டயருக்கும் உதிரி பாகத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் குறிப்பிட்ட முறையில் பதிவு செய்தவர்கள் கழிக்கலாம். டீசல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

திருப்பித் தருகிற நாடு என்று டீக்கடையில் சொன்னார்களே, அது பெரும்பாலும் ஆஸ்திரேலியா. அங்கே எரிபொருள்மீது லிட்டருக்கு 50 சென்ட் அளவில் கலால் வரி. அதைப் பொதுச்சாலையில் ஓட்டாத தொழில்களுக்கு, முக்கியமாகச் சுரங்கத்துக்கும் விவசாயத்துக்கும், அரசு முழுதாகத் திருப்பித் தருகிறது. சாலையில் ஓடும் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் இப்படித் திரும்பிப் போகிறது. அதில் பெரும்பங்கு சுரங்க நிறுவனங்களுக்கு. இதை மானியம் என்று சொன்னால் சுரங்கக்காரர்கள் கோபப்படுவார்கள். "எரிபொருள் வரி சாலைக்கானது, எங்கள் டிப்பர் சாலைக்கே வருவதில்லை, கட்டாத வரியை எப்படிச் சலுகை என்பீர்கள்?" என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பு, அந்த வரி பொதுக் கஜானாவுக்குத்தானே போகிறது, தனியாகச் சாலைக் கணக்கில் விழவில்லையே என்கிறது. நான் இதில் எதிர்த்தரப்பின் பக்கம்தான். புகை சாலையில் வந்தாலும் சுரங்கத்துக்குள் வந்தாலும் புகைதான். இருந்தாலும் சுரங்கக்காரர்களின் வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தொழிலின் இடுபொருளுக்கு வரி போடக்கூடாது என்பது வரியியலில் பழைய கொள்கை.

சேலத்தை ஒட்டிய மேக்னசைட் சுரங்கத்தில் மண் அள்ளுகிற பொக்லைனுக்கு இந்தச் சலுகை கிடையாது. சாலைக்கே போகாத அந்த எந்திரமும், தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஓடும் லாரியும் ஒரே வரிதான் கட்டுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடும்போது எரிக்கிற டீசலும் அப்படியே. ஏற்காட்டில் பூ மழை தவறிய ஆண்டில் காப்பிச் செடிக்கு ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தண்ணீர் தெளிக்கிற தோட்டக்காரர், பம்ப்செட்டுக்குப் போடும் டீசலுக்கும் 35 ரூபாய் வரி கட்டுகிறார். அவர் இங்கிலாந்தில் விவசாயியாக இருந்திருந்தால் சிவப்பு டீசல் வாங்கியிருப்பார்.

இந்தச் சிவப்பு டீசல் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. சலுகை விலை டீசலில் சாயம் கலந்துவிடுவார்கள். பிரிட்டனில் அதற்கு வரி லிட்டருக்கு சுமார் 10 பென்ஸ்தான், அதாவது சாலை டீசல் வரியில் ஐந்தில் ஒரு பங்கு. வயல், மீன்பிடி, ரயில் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. கட்டுமானத் தொழிலுக்கும் இருந்ததை 2022 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். சாலையில் போகும் வண்டியை நிறுத்தி, டேங்க்குக்குள் குழாய் விட்டு மாதிரி எடுத்து நிறம் பார்க்க வரித்துறையில் தனிப் பிரிவே இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே ஏற்பாடு. சாயம் போட்ட டீசலைச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் கேலனுக்கு 10 டாலர் அல்லது 1,000 டாலர், எது அதிகமோ அது அபராதம். வட அயர்லாந்தில் சாயத்தை ரசாயனம் போட்டு வெளுக்க வைக்கும் கள்ளப் பட்டறைகள் பெருகி, மிஞ்சிய கழிவைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவது பல ஆண்டுகளாகத் தீராத தலைவலியாக இருந்தது.

நமக்கு இது புதிதல்ல. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்தது இதே காரணத்துக்காகத்தான். டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இருந்த விலை வித்தியாசத்தில் எவ்வளவு கலப்படம் நடந்தது என்று பழைய டிரைவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சாயத்தை நீக்கிவிடுகிறார்கள் என்று 2006-இல் கண்ணுக்குத் தெரியாத அடையாளப் பொருள் ஒன்றைக் கலக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதையும் கைவிட்டார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் நடுவில் ஒரு வியாபாரம் முளைத்துவிடும். டீசலுக்கு நாடு முழுவதும் எல்லாப் பயனுக்கும் ஒரே கலால் வரி என்ற இந்திய முறை முரட்டுத்தனமானதுதான். ஆனால் அதற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. விதிவிலக்குகள் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள். மேட்டூர் அணைப் பரிசலுக்கு அது பொருந்தாது, அங்கே இன்ஜினுமில்லை.

சரி, இப்போது அளவுகோலுக்கு வருவோம். உலக அளவில் இந்தச் சலுகைகளை எண்ணுவதற்கு மூன்று முறைகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமான பதில் தரும்.

பன்னாட்டு எரிசக்தி முகமை பார்ப்பது விலை இடைவெளியை. உலகச் சந்தை விலைக்குக் கீழே விற்றால் அந்த வித்தியாசம் மானியம். இந்தக் கணக்கில் சங்ககிரி பங்க்கில் மானியம் சுழியம், ஜெர்மனியிலும் சுழியம். எண்ணெயைத் தன் மக்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் வளைகுடா நாடுகளும் ஈரானும் முன்னால் வந்து நிற்கும். எரிவாயு விலை எகிறிய 2022-இல் உலகம் முழுவதும் இந்தத் தொகை முதல்முறையாக ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பார்ப்பது வேறு. ஒரு நாடு தனக்கென்று வைத்திருக்கும் வழக்கமான வரி விகிதம் என்ன, அதிலிருந்து யாருக்கெல்லாம் விலக்கு அளித்திருக்கிறது, அதனால் அரசு இழந்தது எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடுகிறது. இதில்தான் விசித்திரம். வரியே போடாத நாட்டில் விலக்கு அளிக்க எதுவுமில்லை. ஆகவே சலுகைத் தொகையும் இல்லை. வரி அதிகம் போட்டு, அதில் சிலருக்குக் குறைக்கும் நாடுதான் பட்டியலில் தடித்துத் தெரியும். அந்த அமைப்பே தன் எண்களை நாட்டுக்கு நாடு ஒப்பிட வேண்டாம் என்று எச்சரிக்கிறது. ஆனால் தலைப்புச் செய்தியில் அந்த எச்சரிக்கை வருவதில்லை.

மூன்றாவது, பன்னாட்டு நாணய நிதியம். விலைக் குறைப்போடு, காற்று மாசு, பருவநிலைக் கேடு, நெரிசல் இவற்றுக்காகப் போட்டிருக்க வேண்டிய, ஆனால் போடாத வரியையும் சேர்த்துக்கொள்கிறது. அப்படி 2022-க்கு வந்த தொகை 7 லட்சம் கோடி டாலர். இதில் அரசுகள் உண்மையில் விலையைக் குறைத்த பங்கு 1.3 லட்சம் கோடிதான். மீதியெல்லாம் போடாத வரி. சீனா, அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா ஆகியவை இந்தக் கணக்கில் முன்வரிசையில். டீசலுக்கு இவ்வளவு வரி கட்டும் நாம் அதில் எப்படி வந்தோம் என்றால், பெரும்பாலும் நிலக்கரியால். அதற்குப் பிறகு வருகிறேன்.

வரி விலக்கை நேர்மையாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து நல்ல உதாரணம். 2023 செப்டம்பரில் அந்த அரசு, புதைபடிவ எரிபொருளுக்குத் தான் ஆண்டுதோறும் தரும் சலுகைகள் 39.7 முதல் 46.4 பில்லியன் யூரோ என்று தானே அறிவித்தது. இந்தச் சலுகைகளை எதிர்த்து ஹேக் நகரின் நெடுஞ்சாலையை மறித்துப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அவ்வளவு பெரிய தொகைக்குக் காரணம், ரகசியமாக யாருக்கோ பணம் கொடுத்தது அல்ல. அங்கே வீட்டுக்கான எரிவாயு வரி அதிகம், பயன்பாடு கூடக் கூட விகிதம் இறங்கும், பெரிய ஆலைக்கு மிகக் குறைவு. வீட்டு விகிதத்தையே கோடாக வைத்தால் ஆலை கட்டாத தொகை முழுதும் சலுகை. ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல்கள் நிரப்பும் எண்ணெய்க்கும், விமான எரிபொருளுக்கும் வரி இல்லை, அதுவும் சலுகை. இதே ஆலையும் துறைமுகமும் வரி குறைந்த நாட்டில் இருந்திருந்தால் பட்டியலில் ஒரு வரிகூட வந்திருக்காது.

கோடு எப்படி நகர்கிறது என்பதற்கு நம் கலால் வரியே சாட்சி. 2019 நடுவில் டீசல்மீது மத்திய வரி லிட்டருக்கு 15 ரூபாய் 83 காசு. கொரோனா காலத்தில் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது, அந்தக் குறைவை மக்களுக்குக் கொடுக்காமல் வரியை ஏற்றி, 2020 மே மாதத்தில் 31 ரூபாய் 83 காசு ஆக்கினார்கள். பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாய், 2022 மே மாதத்தில் 6 ரூபாய் குறைத்தார்கள். மிஞ்சியது 15 ரூபாய் 80 காசு. கிளம்பிய இடத்துக்கே வந்தாயிற்று. இரண்டாவது குறைப்பை அறிவித்தபோது, பெட்ரோலையும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சர் சொன்னார். 2020-ஐக் கோடாக வைத்தால் அது மாபெரும் சலுகை. 2019-ஐ வைத்தால் சலுகையே இல்லை. பிரிட்டன் 2022 மார்ச்சில் ஓராண்டுக்கு என்று சொல்லிக் குறைத்த 5 பென்ஸை மீண்டும் மீண்டும் நீட்டித்துக்கொண்டே போனது. ஜெர்மனி அதே ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெட்ரோல் வரியை லிட்டருக்கு 30 சென்ட் அளவில் குறைத்து, சொன்ன தேதியில் நிறுத்திக் காட்டியது. இது அபூர்வம்.

ஏனென்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது லேசான காரியமல்ல. ஜெர்மனியே விவசாய டீசலுக்கு லிட்டருக்கு 21.48 சென்ட் திருப்பித் தந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பரில் பட்ஜெட் நெருக்கடியில் அதை ரத்து செய்வோம் என்றதும் டிராக்டர்கள் பெர்லினில் வந்து நின்றன. படிப்படியாக 2026-க்குள் நிறுத்துவது என்று அரசு இறங்கி வந்தது. 2025-இல் வந்த புதிய கூட்டணி, முழுச் சலுகையையும் மீண்டும் தருவோம் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டது. பிரான்சிலும் 2024 ஜனவரியில் விவசாய டீசல் வரி உயர்வை விவசாயிகள் சாலைக்கு வந்ததும் கைவிட்டார்கள்.

இன்னொரு மறைந்த சலுகை, பெட்ரோலைவிட டீசலுக்குக் குறைந்த வரி போடுவது. ஜெர்மனியில் வித்தியாசம் லிட்டருக்கு 18.41 சென்ட். இந்தியாவில் கலால் வரியில் 4 ரூபாய் 10 காசு. பிரிட்டனில் இரண்டுக்கும் ஒரே வரி. அமெரிக்காவில் டீசலுக்குத்தான் அதிகம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் வெளிவரும் கரியமில வாயு 2.7 கிலோ, பெட்ரோலில் 2.3 கிலோ என்பதால் அமெரிக்க வரிசைதான் நியாயம். லாரியும் பஸ்ஸும் டீசலில் ஓடுகின்றன, காய்கறி விலை அதில் தொங்குகிறது என்பது நம் அரசுகளின் பதில். அது லாரிக்குப் பொருந்தும். சேலம் ஐந்து ரோட்டில் நிற்கும் பெரிய டீசல் காருக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

ஆகாயத்தில் கதை வேறு. 1944 சிகாகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்தின் டேங்க்கில் இருக்கும் எரிபொருளுக்கு வரி போடக்கூடாது என்றது. பிறகு நாடுகள் தமக்குள் போட்ட ஒப்பந்தங்கள் அதை நிரப்புகிற எரிபொருளுக்கும் நீட்டித்தன. உள்நாட்டு விமானங்களுக்கு இந்தியா வரி போடுகிறது, தமிழ்நாட்டு வாட் 29 சதவீதமாக இருந்தது. ஆனால் சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உடான் திட்டத்தில் வரும் விமான நிலையங்களுக்கு மாநிலங்கள் வாட்டை 1 சதவீதமாக்க வேண்டும், மத்திய கலாலும் 2 சதவீதம்தான். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் அந்தத் திட்டத்தில்தான் உயிர் பெற்றது. அதன் வேலிக்கு வெளியே போகும் ஜவ்வரிசி லோடு லாரிக்கு முழு வரி. சின்ன ஊர்களுக்கு விமானம் வரவேண்டும் என்ற காரணம் புரிகிறது. என்றாலும், யார் தோளில் எவ்வளவு வரி என்று பார்த்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அடுப்படிச் சலுகையில் எல்லா நாட்டுக்கும் ஒரே புத்தி. பிரிட்டனில் பொது வாட் 20 சதவீதம், வீட்டு எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் 5. நம்மிடம் 14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஹோட்டலுக்குப் போகும் 19 கிலோ சிலிண்டருக்கு 18. கனடா கரிம வரி போட்டுவிட்டு, 2023-இல் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு விலக்கு தந்தது. 2025 ஏப்ரலில் நுகர்வோருக்கான கரிம வரியையே எடுத்துவிட்டது. விறகடுப்பிலிருந்து வெளியே வந்த வீட்டுக்குத் தரும் 5 சதவீதத்தையும், நான்கு படுக்கையறை வீட்டின் ஹீட்டருக்குத் தரும் 5 சதவீதத்தையும் ஒரே பட்டியலில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி நிலக்கரி. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அங்கே எரியும் நிலக்கரிக்கு 2025 செப்டம்பர் 21 வரை 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் டன்னுக்கு 400 ரூபாய் மேல்வரியும் இருந்தன. 2010-இல் தூய எரிசக்திக்கென்று 50 ரூபாயாகத் தொடங்கிய மேல்வரி அது. மறுநாள் முதல் மேல்வரி போய், ஜி.எஸ்.டி. 18 சதவீதமானது. கேட்பதற்கு வரி உயர்வு மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால், டன் விலை சுமார் 3,077 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி குறைகிறது, மேலே இருந்தால் கூடுகிறது. மின் நிலையங்கள் எரிக்கும் மட்ட ரக நிலக்கரியின் சுரங்க விலை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே. டன் 1,500 ரூபாய் என்றால் முன்பு 475 ரூபாய் வரி, பிறகு 270. ஒரு டன் எரிந்து ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வருகிறது. அந்த வாயு கிலோவுக்கு 18 காசு வரிகூட இல்லை. சங்ககிரி லாரியின் டீசலில் அதே ஒரு கிலோ வாயுவுக்கு 13 ரூபாய் வரி. எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். விலக்கு என்று யாரும் அறிவிக்கவில்லை, வழக்கமான விகிதமே அதுதான் என்பதால் எந்த விலக்குப் பட்டியலிலும் இது வராது. மூன்றாவது அளவுகோலில் மட்டும் மாட்டிக்கொள்ளும்.

லாரி உரிமையாளர்களின் நெடுநாள் கோரிக்கை, டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டும் என்பது. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலில் இது பேச்சுக்கு வந்து, நேரம் வரவில்லை என்று முடிந்துபோனது. வந்தால் என்ன ஆகும்? 93 ரூபாயில் வரியைக் கழித்தால் அடிப்படை விலை 57 ரூபாய் அளவில். 18 சதவீதம் போட்டால் வரி 10 ரூபாய். உச்ச விகிதமான 40 சதவீதம் போட்டாலும் 23 ரூபாய். அதையும், முறைப்படி பதிவு செய்த லாரிக்காரர் தன் வாடகைமீது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வார். ஆஸ்திரேலியச் சுரங்கத்துக்குக் கிடைப்பதைப் போலவே அவர் தோளிலும் டீசல் வரி அநேகமாக நிற்காது. மாநிலங்கள் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். தங்கள் கையில் மிஞ்சியிருக்கும் சில வரிகளில் இது ஒன்று. மத்திய கலாலிலோ, 2022 குறைப்புக்குப் பின் இருந்த 15 ரூபாய் 80 காசில், மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் அடிப்படை வரி 1 ரூபாய் 80 காசுதான், மற்றதெல்லாம் செஸ்ஸும் கூடுதல் வரியும். ஒருவேளை ஒருநாள் டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வந்து, இந்த 35 ரூபாய் லாரிக்காரர் தலையிலிருந்து இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளீட்டு வரியை, அதாவது தொழிலுக்கு வாங்கிய பொருளில் கட்டிய வரியைக் கழிப்பது ஜி.எஸ்.டி.யின் இயல்பான அமைப்பு, விலக்கு அல்ல. ஆகவே வரிச் சலுகைப் பட்டியலில் இந்தியாவின் பெயருக்கு நேரே அப்போதும் ஒரு ரூபாய்கூட ஏறாது.